பெருநகரக் கோடையில் படிக்கும் மாணவருக்கு: இரவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கோடை என்றதும் எல்லோரும் உச்சி வெயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் பெருநகரத்தில் வாடகை அறையிலோ விடுதியிலோ தங்கிப் படிக்கும் ஒருவருக்கு நண்பகலைச் சமாளிப்பது அவ்வளவு கடினமில்லை. வகுப்பறை, நூலகம், ஏதாவது ஒரு நிழல் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இரவு பதினொரு மணிக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட்டும் தாரும் அப்போதுதான் அதைத் திருப்பிக் கக்கத் தொடங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன் நகருக்கு உள்ளும் வெளியும் வெப்பநிலையை அளந்து ஒப்பிட்ட வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட், இரவில் நகரம் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்.

இது படிப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு மாணவர்களிடமே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. 2016ஆம் ஆண்டுக் கோடையில் பாஸ்டன் நகரில், ஏ.சி. உள்ள விடுதியிலும் இல்லாத விடுதியிலும் தங்கியிருந்த 44 மாணவர்களுக்கு 12 நாட்கள் காலையில் எழுந்தவுடன் சிறு தேர்வுகள் வைக்கப்பட்டன. வெப்ப அலை வீசிய நாட்களில், ஏ.சி. இல்லாத அறைகளில் தூங்கி எழுந்தவர்களின் எதிர்வினை வேகம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்திருந்தது. சாதாரணக் கூட்டல் கழித்தலிலும் அவர்கள் பின்தங்கினார்கள். வெளியே வெயில் தணியத் தொடங்கிய பிறகும் கட்டடத்துக்குள் சூடு தங்கியிருந்த நாட்களில்தான் வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வானிலை அறிக்கை நிம்மதி தரும் நாளில்கூட உங்கள் அறை இன்னும் கோடையிலேயே இருக்கக்கூடும். ஆகவே இந்த வழிகாட்டி அறையிலிருந்தும் இரவிலிருந்தும் தொடங்குகிறது.

முதல் படி: அறையை அளந்து பாருங்கள்

ஒரு சிறிய அறை வெப்பமானி வாங்கிக் கட்டில் உயரத்தில், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. காலை எழுந்ததும், மாலை அறைக்குத் திரும்பியதும், படுக்கப் போகும்போதும் என்று மூன்று வேளை, ஒரு வாரத்துக்கு அளவைக் குறித்து வையுங்கள். கைப்பேசி காட்டுவது நகரத்தின் வெப்பநிலை. உங்கள் அறையின் வெப்பநிலை அல்ல. மேல்மாடி அறைகளில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி இரவில்தான் வெளிப்படும்.

அத்துடன் இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் அந்நேரத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும், உள்சுவர் குளிர்ந்திருக்கும். அடுத்து, கட்டில்மேல் நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பரப்பு சூடாக இருக்கிறதோ அது இரவெல்லாம் உங்கள் உடலை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் இருந்தாலும் அது நிற்காது. கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இழுத்துக் குளிர்ந்த சுவரை ஒட்டிப் போடுவது செலவே இல்லாத மாற்றம். கூரைதான் சூடு என்றால், வெப்பக் காற்று மேலே தங்குவதாலும் கூரையிலிருந்து விலகியிருப்பதாலும், தரையில் பாய் அல்லது மெத்தை விரித்துப் படுப்பது கட்டிலைவிடச் சுகமாக இருக்கும்.

இரண்டாம் படி: வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

கண்ணாடி வழியாக உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலையால் திருப்பி அனுப்ப முடியாது. அது திரைச்சீலையைச் சூடாக்கி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விட்டுவிடும். ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடும் மறைப்பு, அது ஒரு பழைய வெளிர்நிறப் போர்வையாக இருந்தாலும், உள்ளே மாட்டும் தடித்த திரையைவிடப் பயனுள்ளது. வெளியே எதையும் கட்ட வீட்டு உரிமையாளரோ விடுதிக் காப்பாளரோ அனுமதிக்கவில்லையென்றால், வெண்ணிறப் பின்பக்கம் உள்ள திரையைக் கண்ணாடியை ஒட்டி மாட்டுங்கள். கிழக்கு ஜன்னலைக் காலையிலும், மேற்கு ஜன்னலை நண்பகலுக்குப் பிறகும் மூடுவது போதும்; நாள் முழுக்க இருட்டில் உட்கார வேண்டியதில்லை.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதற்கு ஒரே விதிதான்: வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போது திறக்க வேண்டும், மற்ற நேரத்தில் மூட வேண்டும். காற்று வரட்டும் என்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் அனலை வரவேற்கிறார்கள். பின்னிரவிலிருந்து சூரியன் ஏறும்வரை திறந்திருப்பதே அதிகப் பயன் தரும். கொசுவலை அடிக்காத ஜன்னலை இரவில் திறக்க முடியாது என்பதால், கோடைக்கு முன்பே வலை அடித்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்காக வாளிகளில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் அதை மூடி வைத்து, வாரம் ஒருமுறையாவது முழுவதும் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரக் கணக்கு அதனால்தான்.

அறைக்குள்ளேயே உற்பத்தியாகும் வெப்பத்தையும் மறந்துவிடாதீர்கள். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணடிக்கும், எல்.இ.டி.க்கு மாறுங்கள். விளையாட்டுகளுக்கான கணினி முழு வேகத்தில் ஓடும்போது ஒரு சிறு அடுப்புக்குச் சமம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல்கூட ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்பதால், நான்கு நண்பர்கள் கூடிப் படிக்கும் சிறிய அறையில் 400 வாட் ஹீட்டர் எரிகிறது என்று பொருள். கூட்டுப் படிப்பைப் பூங்காவுக்கோ நூலகத்துக்கோ மாற்ற இதைவிட நல்ல காரணம் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்க நினைப்பவர்களும் ஒவ்வொரு விடுதியிலும் ஒருவராவது இருப்பார். பெட்டி உறிஞ்சும் வெப்பமும் அதன் மோட்டாரின் வெப்பமும் பின்பக்கமாக அதே அறைக்குள்தான் வரும், எனவே அறை மேலும் சூடாகும்.

மூன்றாம் படி: மின்விசிறியைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உங்கள் தோலில் இருக்கும் வியர்வையை வேகமாக ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். வழிந்து சொட்டும் வியர்வையால் இந்தப் பயன் கிடையாது, ஆவியாக வேண்டும். ஆள் இல்லாத அறையில் மின்விசிறியை ஓடவிடுவது மின்கட்டணத்தை மட்டுமே ஏற்றும் என்பதும் இதிலிருந்து புரியும்.

அறை மிகவும் சூடாகிவிட்டால் மின்விசிறி உதவாது. 40 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே மின்விசிறியைப் பயன்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி என்பதால், அதைவிட மிகச் சூடான காற்று உடலுக்குள் வெப்பத்தைத் தள்ளும். அப்படிப்பட்ட பிற்பகல்களில் அறையை விட்டு வெளியேறிக் குளிர்ந்த பொது இடத்துக்குப் போவதே சரி. போக முடியாதபோது கைகளையும் கழுத்தையும் கால்களையும் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள். உடல் வியர்க்க வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்யும்.

இரவில் வெளிக்காற்று குளிர்ந்த பிறகு, மேசை மின்விசிறியை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் நோக்கி வைத்து மற்றொரு ஜன்னலையோ கதவையோ திறந்து வையுங்கள். உள்ளே தேங்கிய வெக்கை வெளியே தள்ளப்பட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து புதிய காற்று உள்ளே இழுக்கப்படும். அரைமணி நேரம் இப்படி ஓடவிட்ட பிறகு மின்விசிறியைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

ஈரத்துணி தொங்கவிடுவதும் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரும் வறண்ட காற்றுள்ள ஊர்களுக்குப் பொருந்தும். கடலோர நகரங்களின் புழுக்கத்தில், அதுவும் அடைத்த அறையில், இவை ஈரப்பதத்தைக் கூட்டி வியர்வை ஆவியாவதைத் தடுக்கும். புழுக்கத்தை லேசாக எண்ணக் கூடாது: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனைகளில், ஈரப்பதம் மிகுந்த சூழலில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 31 டிகிரியை எட்டும்போதே உடலின் உள்வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. இளமையும் ஆரோக்கியமும் இருந்தும் இதுதான் நிலை.

நான்காம் படி: தூக்கத்தைத் திட்டமிடுங்கள்

தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பநிலை சற்று இறங்க வேண்டும். அதற்காகக் கைகால்களின் தோல் வழியாக உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இந்த வெளியேற்றம் எளிதாகும். ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீர் அக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால், குளித்து முடித்த கையோடு வரும் சுகம் நீடிப்பதில்லை. பிற்பகலுக்குப் பிறகு காபியும் ஆற்றல் பானங்களும் வேண்டாம். காஃபீன் பாதியாகக் குறையவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவுவரை விழித்துப் படித்து எட்டு மணிக்கு எழும் வழக்கத்தைக் கோடையில் மட்டுமாவது மாற்றிக்கொள்வது நல்லது, ஏனெனில் அறை மிகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலை நேரம் அதில் வீணாகிறது. அந்த மாற்றத்தால் தூக்கம் குறைந்தால், பகலில் இருபது முப்பது நிமிடம் கண்ணயரலாம். அதற்கு மேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும்.

கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். பெரும்பாலான கைப்பேசிகள் 35 டிகிரி வரையிலான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் சூடாகும்போது பேட்டரியின் ஆயுள் குறையும், மூடிய இடத்தில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மடிக்கணினியை மெத்தைமேல் வைப்பதும் இதே வகைதான், அதன் காற்றுத் துளைகள் துணியில் அடைபட்டுப்போகும்.

ஐந்தாம் படி: படிப்பின் கடினத்தை வெப்பத்தோடு பொருத்துங்கள்

நேர அட்டவணை போடும்போது பாடத்தின் பெயரைவிட அதன் கடினத்தை முதலில் பாருங்கள். புதிய கணக்கு, புரியாத கோட்பாடு, முதன்முறையாக எழுதும் கட்டுரை ஆகியவை விடியற்காலை ஐந்து முதல் எட்டு மணிக்குள் முடிய வேண்டும். முற்பகலில் வகுப்போ நூலகமோ இருக்கும். பிற்பகல் ஒன்று முதல் நான்கு வரை குறிப்புகளைச் சீராக எழுதுவது, படங்கள் வரைவது, கோப்புகளை அடுக்குவது, துணி துவைப்பது போன்ற அதிகம் யோசிக்கத் தேவையில்லாத வேலைகளை வையுங்கள். மாலை இருட்டிய பிறகு பழைய பாடங்களைப் புத்தகம் மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்க்கலாம். வெறுமனே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நினைவில் நிற்கும் என்பது உளவியல் சோதனைகளில் பலமுறை உறுதியாகியிருக்கிறது.

நூலகத்தில் இடம் பிடிப்பதும் ஒரு கலை. தேர்வுக் காலத்தில் குளிர்ந்த பக்கத்து இருக்கைகள் முதல் ஒரு மணி நேரத்திலேயே நிரம்பிவிடும் என்பதால் திறக்கும்போதே போய்விடுங்கள். வெளியே கொதிக்கும்போது உள்ளே ஏ.சி. நடுக்கும், மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்றைப் பையில் வைத்திருந்தால் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டி வராது. பையில் தண்ணீரும் சார்ஜரும் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தண்ணீரும் உணவும்

ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதுமானது. அடர்ந்த நிறத்தில் இருந்தால் போதவில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் ஒரேயடியாகக் குடிக்காதீர்கள். இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தாகக் குறைந்துவிடும். மூன்று வேளையும் சாப்பிடுபவருக்கு வியர்வையில் போகும் உப்பு உணவிலேயே திரும்பக் கிடைக்கும். ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கானது; பொட்டலம் கிடைக்காத அவசரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்கிக்கொள்ளலாம். உப்பு கூடினால் தீங்கு என்பதால் கண்ணளவில் போடக் கூடாது.

தனியாகச் சமைத்துக்கொள்ளும் மாணவர்களுக்குக் கோடையில் பெரிய எதிரி மீந்த உணவு. 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அறை 32 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வெளியிலேயே கிடந்த சோற்றிலும் பாஸ்தாவிலும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. பெட்டி இல்லாத அறையில் ஒருவேளைக்கு மட்டும் சமையுங்கள்.

ஏழாம் படி: வெளியே போகும் நேரமும் வழியும்

காலை பத்து முதல் மாலை நான்கு வரையிலான பயணங்களை முடிந்தவரை ஒன்றாகச் சேர்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறத் தளர்ந்த ஆடை, அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது குடை, எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் ஆகியவை போதும்.

பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துவிடலாம். காலையில் சூரியன் கிழக்கில் இருக்கும். வண்டி வடக்கு நோக்கிப் போனால் கிழக்கு வலப்பக்கம், ஆகவே இடப்பக்க இருக்கை நிழலில் இருக்கும். மாலையில் அதே வண்டியில் தெற்கு நோக்கித் திரும்பும்போது சூரியன் மேற்கே, அதாவது மறுபடியும் வலப்பக்கம்தான், இடப்பக்கமே உட்காருங்கள். தெற்கே கல்லூரி இருப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். தினமும் ஒரு மணி நேரம் பயணம் செய்பவருக்கு இந்தச் சிறு கணக்கு, வகுப்புக்குள் நுழையும்போது எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கும் என்பதையே மாற்றும்.

விடுமுறையில் பகுதிநேர வேலைக்கோ பயிற்சிக்கோ வெளியில் அலைபவர்கள் முதல் வாரத்திலேயே முழு வேகத்தைக் காட்டக் கூடாது. உடல் வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் நாட்களில் வெயிலில் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இடையில் சில வாரங்கள் குளிர்ந்த இடத்தில் இருந்துவிட்டுத் திரும்பினால் இந்தப் பழக்கம் கரைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எட்டாம் படி: ஆபத்தை அடையாளம் காணுங்கள், ஒருவரை ஒருவர் விசாரியுங்கள்

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். நிழலுக்குப் போய், ஆடையைத் தளர்த்தி, தண்ணீர் குடித்து, உடலை நனைத்து ஓய்வெடுத்தால் அரைமணியில் தெளியும். தெளியவில்லையென்றால் மருத்துவ உதவி தேவை. பேச்சு குழறினாலோ, குழப்பம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கம். உடலின் உள்வெப்பநிலை பெரும்பாலும் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா காத்திராமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள்: குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துவது சிறந்தது, முடியாவிட்டால் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது, ஏனெனில் இது காய்ச்சல் அல்ல. மனநலத்துக்கான சில மருந்துகளும் ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திறனைக் குறைக்கும். அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல், கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் அறை நண்பர்கள் ஊருக்குப் போன பின் தனியாகத் தங்குபவர்களுக்கு இன்னொன்று. 1995 ஜூலையில் சிகாகோவில் வீசிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பெரும்பாலும் முதியவர்கள்தான் என்றாலும், யாரும் வந்து பார்க்காமல் தனியே வாழ்ந்தவர்களுக்கே அபாயம் மிகுதியாக இருந்தது. அறையில் தனியாகக் காய்ச்சலோடு கிடக்கும் மாணவரின் நிலையும் வேறில்லை. தினமும் மாலை ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒருவர் குறுஞ்செய்தி அனுப்புவதென்றும், பதில் வராவிட்டால் அழைப்பது, அதையும் எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பார்ப்பது என்றும் ஒரு நண்பரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருப்பதும் நல்லது.

ஒன்பதாம் படி: அடுத்த அறையைக் கோடையிலேயே தேடுங்கள்

அறை பார்க்கக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். தரகர்கள் அந்நேரத்தையே விரும்புவார்கள். மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு, முடிந்தால் இருட்டிய பிறகும் ஒருமுறை, மூடிக் கிடந்த அறைக்குள் நுழைந்து பாருங்கள். மேலே இன்னொரு மாடி இருக்கிறதா, அல்லது தலைக்கு மேல் நேராகக் கூரையா? எதிரெதிராக இரண்டு திறப்புகள் உண்டா? மேற்கு நோக்கிய பெரிய ஜன்னலுக்கு வெளியே மரமோ பக்கத்துக் கட்டடமோ நிழல் தருகிறதா? குழாயில் தண்ணீர் எந்நேரம் வருகிறது, மின்தடை வந்தால் மின்விசிறிக்காவது மாற்று வசதி உண்டா என்பதை உரிமையாளரிடம் கேட்பதைவிட, மாடிப்படியில் எதிர்ப்படும் பழைய குடித்தனக்காரரிடம் கேளுங்கள். இரண்டு அறைகளில் எதை எடுப்பது என்று தயங்கினால், சற்றுச் சிறியதாக இருந்தாலும் இடைமாடியில் காற்றோட்டமுள்ளதையே எடுங்கள்; அலமாரிக்கு இடம் போதாததைப் பிறகு எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம்.